அறுபத்தொன்றாம் வில்லை

கோடை முழுவதும் ஒருவர் கையால் சாப்பிடுகிறீர்கள். அவருக்கு நீந்தத் தெரியுமா என்று ஒரு முறையாவது கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்கவில்லை. மூன்று கோடை, ஏரிக்கரையிலேயே இருந்துகொண்டு, கேட்கவில்லை.

நியூயார்க்குக்கு வடக்கே கேட்ஸ்கில் மலையில் இருந்தது எங்கள் கோடை முகாம். வினோக்கா என்று பெயர். அந்த ஏரியிலிருந்து விரட்டப்பட்ட பழங்குடிகளின் மொழியில் அதற்கு நட்பு என்று பொருளாம். அப்படி ஒரு சொல் எந்த மொழியிலும் இல்லை என்று பின்னாளில் தேடித் தெரிந்துகொண்டேன். அப்பா ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டுபவர். நியூயார்க் நகரத்துப் பிராங்ஸ் வெயிலில் வெந்துகொண்டிருந்த எங்களைப் போன்ற பிள்ளைகளைத் தொழிற்சங்கம் எட்டு வாரம் அங்கே அனுப்பும். அம்மா காலுறை வரைக்கும் பெயர் நாடா தைத்துக் கொடுப்பாள். ஒரு குடிலில் எட்டுக் கட்டில், காயாத துண்டுகளின் வாடை, கொசுக்கடி, நாக்கைச் சிவப்பாக்கும் சர்க்கரைத் தண்ணீர். அதற்குப் பூச்சிச் சாறு என்று பெயர் வைத்திருந்தோம். இன்று யாராவது ஒரு குவளை கொடுத்தாலும் மறுக்கமாட்டேன்.

சமையல் ஒடெல்லா ப்ரிம். குளிர்காலத்தில் நியூவார்க்கில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, கோடையில் எங்களுக்கு. பட்டைப்பொடியும் உலர்திராட்சையும் வைத்து அவர் சுடும் சுருள் ரொட்டிக்காக நாங்கள் படுக்கையை ஒழுங்காக மடித்தோம். யாருக்கு முட்டை ஆகாது, யார் வீட்டு நினைப்பில் தட்டைத் தள்ளிவைக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கறுப்பினப் பெண். காலை உணவுக்கு முன் நாங்கள் மனிதர் யாவரும் ஒன்று என்று பாடுவோம். அவர் பரிமாறும் சாளரத்துக்கு அந்தப் பக்கம் நின்று, முடியட்டும் என்று காத்திருப்பார்.

படகுத்துறையில் ஒரு பலகை. அதில் ஆணி அடித்து எண் போட்ட வட்ட வில்லைகள். தண்ணீரில் இறங்கும்போது வெள்ளைப் பக்கம் திருப்ப வேண்டும், ஏறியதும் சிவப்புப் பக்கம். ஜோடி இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது. விசில் ஊதினால் ஜோடியின் கையைப் பிடித்து உயர்த்த வேண்டும். பிள்ளைகளுக்கும் பணியாளர்களுக்குமாக அறுபது வில்லை. சமையலறைக்கு மட்டும் இல்லை.

1956 ஜூலையில் ஒரு திங்கட்கிழமை, பத்து வயதான நான் கரையேறியதும் சமையலறைக்கு ஓடிவிட்டேன், திராட்சை பொறுக்க. கொஞ்ச நேரத்தில் நீண்ட விசில். நீச்சல் பொறுப்பாளர் பெர்னிஸ், பத்தொன்பது வயதுப் பெண், தொண்டை கிழியக் கத்தினாள்.

"முப்பத்தேழு தண்ணியில இருக்கு! எல்லாரும் வாங்க!"

அந்த விசிலுக்கு முகாமே வந்தாக வேண்டும். கைகோத்து வரிசையாக நின்று, காலால் தடவிக்கொண்டே நடக்க வேண்டும். ஒடெல்லா மாவு ஒட்டிய மேலங்கியோடு இறங்கினார். என் கையைப் பிடித்திருந்தார். எனக்குக் கழுத்தளவு, அவருக்கு நெஞ்சளவு.

"யாரு கண்ணு அந்த முப்பத்தேழு?"

"தெரியல மிஸ் ஒடெல்லா. பாவம்."

இரண்டாம் முறை நடந்து திரும்பியபோது பெர்னிஸ் பெயர்ப்பட்டியலோடு ஓடிவந்தாள். "ஃப்ரேடா லிப்ஸ்கி! யாராச்சும் ஃப்ரேடா லிப்ஸ்கிய பாத்தீங்களா?"

"நான்தான்," என்றேன். என் வில்லையின் எண்ணே எனக்கு மறந்துபோயிருந்தது, கரையேறியபோது அதைச் சிவப்புக்குத் திருப்பவும் இல்லை.

"அடிப்பாவி. இவ்வளவு நேரம் என்னடி பண்ணிக்கிட்டிருந்த?"

"நானும் தேடிக்கிட்டுதான இருந்தேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ஒடெல்லா சிரிக்கவில்லை. என் கையை விடவும் இல்லை.

"எனக்கு நீச்சல் தெரியாது கண்ணு. எங்க ஊர்ல குளம் இருந்துச்சு, வெள்ளைக்காரங்களுக்கு மட்டும். நாங்க வேலி வழியா பாப்போம்."

"அப்புறம் ஏன் இறங்குனீங்க?"

"உள்ள ஒரு புள்ள இருக்குன்னாங்கல்ல."

மறுநாள் என் ஜோடி என்னைக் கைவிட்டாள். தன்னையே தேடும் பெண்ணோடு யார் நீந்துவார்கள்? மூன்று நாள் கரையில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை, பாத்திர வேலை முடிந்ததும், ஒடெல்லா நீல நீச்சலுடையில் வந்தார். தோளில் விலைச்சீட்டு தொங்கியது. முதல் கோடையிலேயே வாங்கியதாம். மூன்று கோடையாகப் பெட்டியில் கிடந்திருக்கிறது.

"இவளுக்கு நான் ஜோடி," என்றார்.

பெர்னிஸ் முகாம் தலைவர் செலிக்சனைப் பார்த்தாள். காலையில் நாங்கள் பாடும் பாட்டை எழுதியவரே அவர்தான். நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"மிஸஸ் ப்ரிம், என்னைத் தப்பா நினைக்காதீங்க. நானே இந்த நிறபேதத்துக்கெல்லாம் எதிரிதான். ஆனா ஏரிக்கரை வீட்டுக்காரங்க சங்கம் ஒத்துக்காது. அடுத்த வருஷம் பாக்கலாமே."

"திங்கக்கிழம இதே தண்ணியிலதான் சார் நின்னேன். சங்கம் ஒண்ணும் சொல்லலையே."

"அது தேடுறதுக்காக..."

"செத்த புள்ளையத் தேட இறங்கலாம், உயிரோட இருக்கறவகூட நீந்த இறங்கக்கூடாதா?"

செலிக்சனின் பதிலுக்குப் பெர்னிஸ் காத்திருக்கவில்லை. பெட்டியிலிருந்து வெற்று வில்லை ஒன்றை எடுத்துப் பேனாவால் 61 என்று எழுதினாள். ஆணிக்கு இடமில்லாததால் பலகையின் ஓரத்தில் கல்லால் அடித்தாள். செலிக்சன் சரி என்று சொல்லவே இல்லை. கூடாது என்று சொல்ல அவருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். நல்லவர்கள் பலர் இந்த வழியாகத்தான் நல்லது செய்கிறார்கள். ஆனால் ஒடெல்லாவை ஏரியில் இறங்கவிடக்கூடாது என்று வீட்டுக்காரர் சங்கத்திலிருந்து மிரட்டல் கடிதம் வந்தபோது, முடியாது என்று கையெழுத்திட்டுப் பதில் போட்டவரும் அவரே.

பெர்னிஸ் கற்றுக்கொடுத்தாள், நான் கூடவே தத்தளித்தேன். "காதுக்குள்ள தண்ணி போகுதே" என்பார் ஒடெல்லா. "போனா வெளிய வரும், உதையுங்க" என்பாள் பெர்னிஸ். ஆகஸ்ட் கடைசி வாரம், ஏரி நடுவிலிருந்த மிதவையை நோக்கி இருவரும் நீந்தினோம். பாதி வழியில் விசில். கால் எட்டாத ஆழம். ஒடெல்லா என் கையைத் துழாவிப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினார்.

"இந்தத் தடவ யாரும் காணாமப் போகலையே?" மூச்சு வாங்கியது.

"இல்ல மிஸ் ஒடெல்லா. எல்லாரும் இருக்கோம்."

அதன் பிறகு ஒன்பது கோடை அங்கே சமைத்தார். குளிர்காலங்களில் மகளையும் அண்டைவீட்டுப் பிள்ளைகள் ஐவரையும் நியூவார்க்கின் நகராட்சி உள்ளரங்க நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போனார், ஜாடி மூடிகளில் எண் எழுதி ஆளுக்கொன்று கொடுத்து.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊரில் நீந்துமிடம் எதுவோ அங்கே போங்கள். உடை மாற்றாமல் கரையிலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பவர் யார் என்று பாருங்கள். எனக்கு ஜோடி இல்லை, வருகிறீர்களா என்று கேளுங்கள். வாசலில் எவராவது அவரைத் தடுத்தால் நீங்களும் இறங்காதீர்கள். காரணம் கேளுங்கள், பதில் வரும்வரை அங்கேயே நில்லுங்கள்.