முதுகில்லாத ஸ்டூல்

எங்கள் தெருமுனை முதியோர் இல்லத்தைப் பற்றி யார் கேட்டாலும் நான் வார்டம்மாவில்தான் தொடங்குவேன். ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர். குணமாகியும் கூட்டிப்போக ஆள் வராமல், வராந்தா பெஞ்சில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரை ஒருநாள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் அவர். பிறகு இன்னொருவர், இன்னொருவர். வார்டம்மாவின் கணவர் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார். மகனுக்கு வெளியூரில் வேலை. இடம் போதாமல் போனதும் வீட்டையும் சாமான்களையும் விற்று, பூட்டிக் கிடந்த துணிக் கிடங்கை வாங்கினார்.

"வேலையத்த வேலை" என்று முதலில் சொன்னவன் நான்தான். தச்சு வேலைக்காரன், சொன்ன வாயோடு போய்க் கதவு மாட்டிக் கொடுத்தேன். கூலி கேட்க வாய் வரவில்லை. பேக்கரிக்காரர் தினமும் ரொட்டி அனுப்பினார். சலூன்காரர் கடைக்கு லீவு விடும் நாளில் வந்து எல்லோருக்கும் சவரம் செய்தார். இப்படித் தெருவே சேர்ந்துதான் அந்த வீட்டைத் தாங்கியது.

வருகிறவர்கள் தங்கள் வீட்டு நாற்காலி ஒன்றைக் கொண்டு வர வேண்டும். ஒருவர் இறந்தால் அன்று முழுக்க அவர் நாற்காலி சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். இந்த வீட்டு ஆளாகிவிட்டவரை எதற்காகவும் வெளியே அனுப்புவதில்லை. இதெல்லாம் வார்டம்மா வைத்த வழக்கம். இன்னொன்றில் ரொம்பக் கறார்: வைத்துப் பார்க்கப் பிள்ளை இருப்பவர்களுக்கு இங்கே இடமில்லை.

அவருக்கென்று நாற்காலி கிடையாது. சமையலறை வாசலில் முதுகில்லாத ஒரு ஸ்டூல். "நான் இங்க வேலைக்காரி. சாய்ஞ்சா தூக்கம் வந்துடும்" என்பார்.

வயதான காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மகன் ஓடி வந்தான். நல்ல பிள்ளை. "இனிமே நீ என்கூடத்தாம்மா" என்று முடிவாகச் சொல்லிவிட்டான்.

நான் பார்க்கப் போனபோது அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க போனா கொடியில காயப்போட்ட துணி மாதிரி கிடப்பேன்."

"அப்ப நம்ம இல்லத்துலயே இருங்க."

"பிள்ளை இருக்குன்னு எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன். எனக்கு மட்டும் தனிச் சட்டமா?"



சில நாள் கழித்துச் சாப்பாடு கொண்டு போன பேக்கரிக்காரர், கேரியரைத் திறக்காமலே திரும்பி வந்தார். கட்டிலில் வேறு ஆள் படுத்திருக்கிறார் என்றார். எங்கள் இல்லத்தில் ஒருவர் கட்டில் இன்னொருவருக்குப் போவது ஒரே காரணத்தால்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை. கண்டக்டர் எழுந்து போய் ஸ்டூலைச் சுவரோரம் வைத்தார். திருப்ப அதற்கு முதுகில்லை, கவிழ்த்து வைத்தார்.

அன்று சாயங்காலம் வாசலில் கார் வந்து நின்றது. துணிமணியை எடுத்துக்கொண்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போக வந்திருந்தார் வார்டம்மா. மகன் சக்கர நாற்காலியைத் தள்ளி வந்தான்.

கண்டக்டருக்கு வாய் குழறியது. "அம்மா, நீங்களா?"

"இல்ல, உங்ககிட்ட டிக்கெட் வாங்க வந்தேன்."

"கட்டில்ல வேற ஆளு இருந்தாங்க..." என்று இழுத்தார் பேக்கரிக்காரர்.

"வார்டு மாத்தினாங்க. வாயிருக்கில்ல, கேட்டா என்ன?"

அப்போதுதான் ஸ்டூலைப் பார்த்தார். அதை நோக்கி விரலை நீட்டினார். மகன் என்னவென்று கேட்க, கண்டக்டர் விவரம் சொன்னார்.

"இந்த வீட்டு ஆளுங்களுக்குத்தானே அந்த மரியாதை? நான் வேலைக்காரி" என்றார் வார்டம்மா மெதுவாக.

"செஞ்சாச்சும்மா. இந்த வீட்டு ஆளா ஆனவங்களை வெளிய அனுப்புறதில்ல. அதுவும் நீங்க வச்ச சட்டம்தான்" என்றார் கண்டக்டர்.

 மகன் ஸ்டூலை நிமிர்த்தி வைத்தான்.

"என்கூட வர்றியாம்மா?" அதுவரை அவன் அதைக் கேட்கவே இல்லை.

"இல்லப்பா. இங்க இருக்கேன்."

மறுநாள் அந்த ஸ்டூலைப் பட்டறைக்குத் தூக்கிப் போய் நல்ல பலகையில் முதுகு வைத்துக் கொடுத்தேன். திட்டிக்கொண்டே சாய்ந்து உட்கார்ந்தார்.

ஒன்றரை வருஷம் அப்படிச் சாய்ந்து இருந்தார். அவர் போன அன்று, அதைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தது அவர் மகன்.