சரிசெய்யத்தான் பார்த்தார் தங்கையன்

தங்கையண்ணன் இறந்த செய்தி பாறசாலை பேருந்து நிறுத்தத்தில் என்னை வந்தடைந்தது. சொன்னவர், "போலீஸுக்க மைக்கெ ஊமையாக்கின மனுஷன் போயிட்டாரே" என்றார். அடக்கத்தின்போது பேசியவர்களும் அதையே சொன்னார்கள். அன்று அவரோடு அடிபட்டவன் நான். அவரை அறிந்த உங்களுக்கு நடந்தது தெரிய வேண்டும்.

திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம். உதியன்குளங்கரைச் சந்திப்பில் ஜனங்கள் கல்லடுக்கிச் சாலையை மறித்திருந்தார்கள். ஒலிபெருக்கிக் கடை வைத்திருந்த தங்கையண்ணனையும், ரேடியோவைப் பழுதுபார்க்கக் கொடுக்க அங்கே போயிருந்த என்னையும் போலீஸார் வேனில் தூக்கிப் போட்டார்கள். முகாமாக்கியிருந்த கொப்பரை மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியில் போலீஸின் மைக் ஆம்ப்ளிஃபயர், சுவிட்சைப் போட்டதும் ஃபியூஸை எரித்துக்கொண்டிருந்தது. அதைத் தங்கையண்ணன் சரிசெய்து தர வேண்டும்; கூட்டம் கலைய வேண்டும் என்று அதில் அறிவிப்பார்கள். கலையாவிட்டால் சுட உத்தரவு.

"இவனுவளுக்கா செய்து குடுக்கப் போறிய?" என்றேன்.

"எலே, சுடுவானுவ. சனத்துக்குக் கேக்கணும்."

அடுத்த ஃபியூஸும் போனது. இன்ஸ்பெக்டர் அவரைச் செவியோடு சேர்த்து அறைந்தார். காதில் ரத்தம் வடிய, தங்கையண்ணன் வால்வுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். மின்சாரத்தை மாற்றித் தரும் ரெக்டிஃபயர் வால்வைப் பிடுங்கியதும் ஃபியூஸ் தாங்கியது. அதிலிருந்து போகும் கம்பியை விடுவித்துவிட்டு வால்வை மட்டும் செருகினார். மறுபடி ஃபியூஸ் எரிந்தது.

"சாறே, இந்த வால்வாக்கும் கேடு. கடையில வேற உண்டு. ஒரு போலீஸுகாரன அனுப்புங்க."

"களிக்குந்நோடா?" விளையாடுகிறாயா என்று மலையாளத்தில் கத்திய இன்ஸ்பெக்டரின் லத்தி தங்கையண்ணனின் விரல்களில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. குறுக்கே பாய்ந்தேன். துப்பாக்கிக் கட்டை என் முன்பற்களை உடைத்தது.

ஒரு கான்ஸ்டபிள் ஃபியூஸுக்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் சுற்றினான். டிரான்ஸ்ஃபார்மர் புகைந்து நாறியது; அதோடு கருவி ஒழிந்தது. "நான் ஓடிப்போய் வாயால சொல்லுதேன், விடுங்க சாறே" என்று தங்கையண்ணன் வாசலுக்குப் பாய்ந்தார். கீழே தள்ளி மிதித்தார்கள். அப்போதுதான் சந்திப்பிலிருந்து துப்பாக்கி வெடிச்சத்தம் வந்தது.

கிட்டங்கி முற்றத்தில் இறக்கிய உடல்களில் ஒன்று அவர் மனைவி ரோஸம்மாவின் தம்பி.

போலீஸின் கருவியை வேண்டுமென்றே கெடுத்த வீரர் என்று ஊர் அவரைக் கொண்டாடியது. ரோஸம்மாக்கா கேட்டார்: "மைக்கு பேசியிருந்தா எனக்க தம்பி ஓடியிருப்பான்லா? நெசமாட்டு நீங்களா கெடுத்திய?"

"இல்ல ரோஸீ. சரியாக்கத்தான் பாத்தேன்."

அக்காவிடம் நானும் சாட்சி சொன்னேன். அவர் நம்பினாரா என்று கடைசிவரை தங்கையண்ணனுக்குத் தெரியவில்லை.

பல வருடம் கழித்து நெய்யாற்றின்கரையில் போராட்ட நினைவு விழா ஒன்றில் தங்கையண்ணனுக்கு மாலை போட்டார்கள். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, "நான் கெடுக்கல்ல. அது பேசியிருந்தா ஆளு செத்திருக்காது" என்றார். தன்னடக்கம் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. கோணிப்போன விரல்களால் என் தோளைப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார். கைதட்டல் ஓயவில்லை.

"நீயாவது சொல்லு மக்கா" என்றார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சொல்தான்.