சுழலும் தென்சிலுவை

கத்தரிக்கோல் நுனி ஒவ்வொரு தையலாக அறுத்தது. நீலப் பட்டு கிழிந்துவிடாமல் இடது கட்டைவிரல் அதை அழுத்திப் பிடித்திருந்தது. குடையின் உட்புறத்தில், காம்பை ஒட்டித் தைத்திருந்த வெள்ளி நட்சத்திரங்கள் மேசையில் உதிர்ந்தன.

கேப் டவுனின் சால்ட் ரிவரில் தையல்காரி ஜுல்ஃபா. புத்தாண்டு ஊர்வலக் குழுவுக்கு இத்தனை வருடமாக அவளுக்குக் கிடைத்தது கால்சட்டை வேலைதான். கேப்டன் ஆடிக்கொண்டு பிடித்துப்போகும் குடையைக் கேட்டு வாங்கியது இந்த வருடம்தான். தெற்கு வானத்தின் அடையாளமான தென்சிலுவை நட்சத்திரக் கூட்டத்தை அதில் தைத்தாள். நம்முடைய சிலுவையாயிற்றே, நடுவில்தான் வைத்தாள். இந்த ஊரில் வேறு யாராயிருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பார்கள்.

கேப்டன் ஆர்மீன் நேற்று அதைச் சுழற்றிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, மாவு கொட்டின மாதிரி இருக்கு? நாளைக்குச் சரியா வரலேன்னா கடைக்குடைதான்."

இன்று காலை, தைத்துவைத்த கறுப்புத் திரையைக் கொடுக்கப் பழைய வான் ஆய்வகத்துக்குப் போனாள். வானத்தைக் கண்ணாடித் தகடுகளில் படம்பிடித்துக் கணக்கெடுத்த இடம் அது. சுவரில் ஒரு படம்: நட்சத்திரங்கள் எல்லாம் வளையம் வளையமாக ஓடியிருந்தன. நடுவில் மட்டும் வெறும் இருட்டு.

"இங்க ஏன் ஒண்ணுமே இல்ல?" என்று அங்கே வேலைபார்க்கும் லிண்டெல்வாவிடம் கேட்டாள்.

"அக்கா, அது வானத்தோட தெற்கு முனை. ராத்திரி பூரா எல்லாம் அதைத்தான் சுத்தும். நம்ம தென்சிலுவையும்தான்."

திரைக்கான கூலியைக்கூட வாங்க மறந்து ஓடிவந்துதான் கத்தரிக்கோலை எடுத்தாள்.

சாயங்காலத்துக்குள் சிலுவையைத் தள்ளி வைத்துத் தைத்தாள். வானத்தில் அதன் பின்னாலேயே வரும் இரண்டு நட்சத்திரங்களையும் மறக்கவில்லை. காம்பைச் சுற்றி ஒன்றும் வைக்கவில்லை.

ஆர்மீன் வந்ததும் உள்ளே எட்டிப் பார்த்தார். "நடுவுல துணி தீந்துபோச்சா?"

"தலைய உள்ள நீட்டுங்கண்ணே. வாயை அப்புறம் திறக்கலாம்."

காம்பை வலப்பக்கமாக மெல்லச் சுழற்றினாள். சிலுவை முன்னே போக, இரண்டு நட்சத்திரங்களும் அதன் பின்னால் போயின. எதுவும் கலங்கவில்லை. வானமே அவர் தலைக்கு மேல் திரும்பியது.

"இன்னொரு சுத்து," என்றார். பிறகு, "இன்னும் ஒண்ணு."

அவரோடு வந்து வாசலில் நின்ற மேளக்காரர்கள் கைதட்டினார்கள்.

"கடைக்குடை?" என்றாள் ஜுல்ஃபா.

"மழைக்குப் பிடிச்சுக்கறேன். கொடு தாயி!"

தொங்கிய நூலைப் பல்லால் கடித்தெறிந்துவிட்டு, குடையை விரித்தபடியே அவர் கையில் கொடுத்தாள்.