நாலு ஓம் வூஃபர்

அம்மா இறந்த பிறகு அவள் குரல் மட்டும் எங்கள் வீட்டு ஸ்பீக்கர் பெட்டிக்குள் தங்கிவிட்டது. எட்டு வயதில் நான் அதை அப்படியேதான் நம்பினேன்.

பெட்டியைச் செய்தவர் அம்மாவின் தம்பி, என் மாமா. அருள்புரத்தில் விசேஷங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். பெட்டி முடிந்த அன்று, புது மைக்கை அம்மாவிடம் நீட்டி எதையாவது பேசச் சொன்னார். என்ன பேசுவதென்று தெரியாமல் அம்மா சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "கண்ணு, இங்க வா. தலை பின்னி உடறேன்" என்றாள். பதிவானது அவ்வளவுதான்.

வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட். வாரம் முழுக்க மெஷின் அதிர்வில் குடத்துத் தண்ணீர்கூட நடுங்கும். அப்பா அங்கே ஃபிட்டர். ஞாயிறு மதியம் மெஷின்கள் நின்றதும் கதவைச் சாத்திவிட்டு அந்தப் பதிவைப் போடுவார். சோறு போடும்போதுகூடப் பேசாத மனிதர், அதைக் கேட்கும்போது மட்டும் யாருக்கோ பதில் சொல்வதுபோலத் தலையை ஆட்டுவார்.

ஒருநாள் எலி பெட்டிக்குள் புகுந்து, கீழே இருந்த பெரிய ஸ்பீக்கரான வூஃபரின் காகிதக் கூம்பைக் கடித்துவிட்டது. அடுத்த ஞாயிறு மாமா வேறொரு வூஃபரோடு வந்தார். பழையதன் மின்தடை எட்டு ஓம். அவருக்குக் கிடைத்ததோ நாலு ஓம்.

"ஒண்ணும் ஆகாதுங்க மாமா, ஆம்ப்ளிஃபயர் தாங்கும்" என்று அப்பாவிடம் சொல்லி, மாட்டிவிட்டுப் பதிவைப் போட்டார்.

சிரிப்பு வந்தது. ஆனால் மூடிய தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. சொற்களின் ஓரங்கள் மட்டும், அந்த மூச்சும் உரசலும் மட்டும், மேலே இருந்த சின்ன ஸ்பீக்கரில் காதருகே கேட்டன. நடுவே குரல் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஆள் எங்கோ தூரத்தில் நிற்க, உதடுகள் மட்டும் இங்கே அசைவது மாதிரி. நான் அப்பாவின் கையைப் பிடித்தேன்.

"மாப்ளே, அவ எங்க போயிட்டா?" என்றார் அப்பா.

மாமா பெட்டியைப் பிரித்து, செம்புக் கம்பி சுற்றிய ஒரு காயிலை வெளியே எடுத்தார். "சத்தத்தைப் பிரிச்சு அனுப்பற கிராஸ்ஓவருங்க மாமா இது. கீச்சு மேல போகும், கனமானது கீழ வூஃபருக்குப் போகும். இந்தக் காயிலை எட்டு ஓமுக்குன்னு சுத்துனேன். நாலு ஓம் மாட்டவும் நடுக்குரலைத் தின்னுருது. சுத்தைக் குறைச்சாச் சரியாயிருமுங்க."

சில சுற்றுகளை அவிழ்த்து, பிளேடால் கம்பியின் பூச்சைச் சுரண்டி, கிளிப்பை மாட்டி, மறுபடி போட்டார். அம்மா தொட்டியை விட்டு வெளியே வந்திருந்தாள். இன்னும் கொஞ்சம் அவிழ்த்தார். இப்போது தெருக்கோடியில். பிறகு குழாயடியில். யூனிட் அமைதியாகக் கிடந்தது. தெருவில் ஒரு பைக்கும் போகவில்லை. அவிழ்ந்த கம்பி தரையில் சுருண்டுகொண்டே போனது. ஒவ்வொரு தடவையும் அதே சிரிப்பு, அதே "இங்க வா". ஆனால் அவள் நடந்து வந்துகொண்டிருக்கிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் எழுந்துபோய்ச் சீப்பை எடுத்து வந்தேன். ரிப்பனை உருவி, தலையை விரித்துப்போட்டு, பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். குரல் எங்கள் நிலைப்படியைத் தாண்டிவிட்டது. "பின்னி" என்ற சொல்லில் வூஃபர் தள்ளிய காற்று லேசாக என் பிடரியில் பட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"போதும் மாப்ளே" என்றார் அப்பா.

"இன்னும் ரெண்டு மூணு சுத்துதானுங்க மாமா. அக்கா பக்கத்துல உக்காந்து பேசற மாதிரியே வந்துருமுங்க."

"வேண்டாம். அடுத்த ரூம்புல இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

மாமா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கம்பியை அந்த இடத்திலேயே வெட்டிப் பற்றவைத்துப் பெட்டியை மூடினார். அப்பா என் கையிலிருந்த சீப்பை வாங்கிக்கொண்டு எனக்குப் பின்னால் உட்கார்ந்தார். மெஷின் ஊசிகளைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுகிற அந்த விரல்கள் மூன்று கால் பின்னலில் தடுமாறின. நான் அழுதேன். வலிக்கிறதோ என்று நினைத்துப் பிடியைத் தளர்த்தினார்.

எனக்கு வலிக்கவில்லை. வீட்டுக்குள் வந்துவிட்ட அம்மாவை இவர் பாதியில் நிறுத்திவிட்டாரே என்றுதான் அழுதேன். அவருக்கு அம்மாவிடம் பயம் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தேன். அதற்குமேல் கிட்டே வந்தால் நான் திரும்பிப் பார்ப்பேன், திரும்பினால் அங்கே பெட்டிதான் இருக்கும் என்று அவர் பயந்தது எனக்கு அன்று தெரியவில்லை.