யானை கரை சேர்ந்த செய்தி

யானை நீந்தும் என்று இப்போது சொன்னால் யாரும் வாயைப் பிளப்பதில்லை. எனக்கு எட்டு வயதாயிருந்த அந்த நாளில், திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் போன லாஞ்சிப் படகில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. அதனால்தான் எல்லாரும் சேர்ந்து ஒரு யானையைக் காப்பாற்றப் புறப்பட்டோம்.

அப்பாவும் நானும் அம்மாவைக் கூட்டிவரப் போய்க்கொண்டிருந்தோம். ஏதோ சண்டையில் அம்மா மூதூரில் தன் தாய்வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. கூப்பிடாமல் அந்த வீட்டு வாசற்படலையைத் திறக்கமாட்டேன் என்பது அப்பாவின் சத்தியம். அவர் வராமல் நான் வரமாட்டேன் என்பது அம்மாவின் சத்தியம். நடுவில் கொட்டியாரக் குடா கிடந்தது. தூதுக்கு நான். அப்பா துறையடித் தேத்தண்ணிக் கடையில் இருந்துகொள்வார். நான் மட்டும் வீட்டுக்குப் போய் அவர் வந்திருப்பதைச் சொல்லவேண்டும். சொன்னால் அம்மா வந்துவிடுவார் என்று நம்பினேன். அப்பா பின்னிவிடும் பின்னல் பள்ளிக்கூடம் போய்ச் சேருமுன்னரே அவிழ்ந்துவிடும். அம்மாவின் பழைய சேலையைப் போர்த்தால்தான் எனக்கு நித்திரை வரும்.

நடுக்குடாவில் கறுப்பாக ஒன்று மிதந்தது. கவிழ்ந்த தோணியாக்கும் என்று பார்த்தால், அதிலிருந்து தும்பிக்கை எழும்பித் தண்ணீரை ஊதியது. லாஞ்சி நின்றது.

"அள்ளுப்பட்டு வந்திட்டுது, தாழப்போகுது!" என்று கிண்ணியா வியாபாரி ஒருவர் தலையில் கைவைத்தார்.

ஒருவர் கயிறு எறிந்தார். யானையைக் கிட்டிய கரைப்பக்கம் திருப்ப லாஞ்சியைக் குறுக்கே விட்டார்கள். எல்லாரும் ஒரு பக்கம் குவிந்ததில் லாஞ்சி சரிந்தது.

"யானை தப்பியிடும், நாங்கள்தான் தாழப்போறம்! இருங்கோ எல்லாரும்!" என்று சுக்கான் பிடித்தவர் கத்தினார்.

அதற்குள் யானை தண்ணீருக்குள் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. கொஞ்ச நேரத்தில் லாஞ்சிக்கு அந்தப் பக்கம் தும்பிக்கை மட்டும் மேலே தெரிந்தது. முன்பு போன திசையிலேயே அது போய்க்கொண்டிருந்தது.

"அதுக்குப் போற இடம் தெரியும். விடுங்கோ," என்றார் அப்பா.

அம்மாவிடம் நான் முதலில் யானைக் கதையைத்தான் சொன்னேன். அவர் என் தலையை அவிழ்த்து எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டே கேட்டார். அந்தக் கை படாமல் இருந்த மூன்று மாதமும் என் தலையே வேறு யாருடையதோ போலிருந்தது. கடைசியில்தான் அப்பா துறையடியில் நிற்பதைச் சொன்னேன். பின்னிய கை நின்றது. மிச்சப் பின்னலை இறுக்கி முடித்தார். பிறகு படலைவரை வந்து, என் சட்டையை இழுத்துச் சரிசெய்தார்.

"பிள்ளை, யானை கரை சேந்திட்டுதோ எண்டு அப்பாவை வந்து எனக்குச் சொல்லிப்போட்டுப் போகச் சொல்லு. மறந்திடாத."

நான் மறக்கவில்லை. துறைக்குப் போகும் வழியில், சம்பூர்ப் பக்கமிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவந்தவரை மறித்து விசாரித்தேன்.

"ஓம் மகள், எங்கட பக்கம்தான் ஏறினது. ஏறின கையோட ஒரு வாழைத்தோட்டத்தைத் துவைச்சுப்போட்டுக் காட்டுக்குள்ள போயிட்டுது!"

சந்தோஷத்தில் துள்ளினேன். அவர் அம்மாவின் வீடு இருக்கிற ஒழுங்கைத் தெரு வழியாகத்தான் போகிறவர். பச்சைப் படலை வீட்டில் இதை மறக்காமல் சொல்லிவிடச் சொன்னேன். அவரும் சொல்வதாகப் போனார். அப்பாவை அந்த வெயிலில் நடக்கவைக்காத கெட்டித்தனத்தை எண்ணி எனக்கு ஒரே பெருமை.

அப்பா கடை வாசலிலேயே நின்றார். சவரம் செய்து, வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார். என் பின்னலைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வெறும் தெருவைப் பார்த்தார்.

"அம்மா ஒண்டும் சொல்லி விடேல்லையோ?"

"யானை கரை சேந்திட்டுதாம் அப்பா!"

"அது நல்லது. வேற ஒண்டும்?"

லாஞ்சி புறப்படக் கூவியது. அப்பா ஏறவில்லை. இரண்டாந்தரம் கூவியபோதும் ஒழுங்கைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். பிந்திவிடப் போகிறோமே என்று நான்தான் அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன்.

"இல்லை அப்பா, எல்லாம் நான் சொல்லி அனுப்பிட்டன். நீங்கள் வாங்கோ."