தீர்ப்புக்கு முந்தின ஞாயிறு

நீதிமன்றத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'பூட்டு'. பத்தொன்பது வருடமாக, நீதிபதிகள் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்து டைப் அடித்தவள். யார் வெல்வார், யார் தோற்பார் என்பது முதல்நாளே அவள் விரலுக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. வக்கீல்கள் ஜாடைமாடையாகக் கேட்டால், "என் கிறுக்கல் எனக்கே புரியல சார்" என்று நழுவிவிடுவாள்.

ஆற்றோரக் குடியிருப்பில் நானூறு வீடுகளை இடிக்க அரசாங்கம் உத்தரவிட்டிருந்தது. வழக்கு வந்தது. அந்த உத்தரவு செல்லாது என்று வெள்ளிக்கிழமை நீதிபதி தன் அறையில் அவளிடம் தீர்ப்பைச் சொல்லி முடித்தார். "திங்கட்கிழமை வாசிக்கிறேன். அதுவரைக்கும் உங்களுக்கும் எனக்கும் மட்டும்மா." அவளிடம் இதைச் சொல்லியிருக்கவே தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். அரசாங்கத்தின் சட்டத்துறையில் எழுத்தர். பதவி உயர்வு இரண்டு முறை கைநழுவிப் போனவன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து அவனும் ஒரு போர்வையை எடுத்து மடித்தான்.

"அக்கா, தீர்ப்பு என்னன்னு நான் கேக்கல. நாங்க மேல்முறையீட்டுக்குத் தயாராகணுமா, அதை மட்டும் சொல்லு. செயலர் என் உசிரை எடுக்கிறார்."

"போடா. வேற வேலை இல்ல உனக்கு?"

"உன் தம்பிக்காக ஒரே ஒரு வார்த்தை, அக்கா."

அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். "தயாராவே இருங்க" என்றாள். தீர்ப்பைச் சொல்லவில்லையே என்று மனதுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை, நீதிபதி இருக்கையில் ஏறுவதற்குள் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. தொலைதூர ஊர், உடனே கிளம்ப வேண்டும். வாசிக்காத தீர்ப்பு வெறும் காகிதம். புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கியபடி அவர் சொன்னார்: "யாரோ வெளியே சொல்லிட்டாங்க. உங்களை யாராச்சும் சந்தேகப்பட்டா எங்கிட்ட பேசச் சொல்லுங்கம்மா." அவள் பெட்டியைக் கட்டக் கயிறு மட்டும் பிடித்துக்கொடுத்தாள்.

இரண்டு வாரத்தில் புதிய நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். ஒரே பக்கம். அதையும் அவள்தான் அடித்தாள். பழியோ, நீதிபதி அறையில் கோப்புத் தூக்கும் ஊழியர் மேல் விழுந்தது. தற்காலிக நீக்க உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் ஒண்ணும் பண்ணலம்மா, உங்களுக்குத் தெரியுமே" என்றார் அவர். அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. பதிவாளரிடம் போய் ஒன்றுவிடாமல் எழுதிக்கொடுத்தாள்.

பதிவாளர் படித்துவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "செயலர், சட்டத்துறை இதெல்லாம் எதுக்கும்மா? அரசாங்கத்தோட நாம மல்லுக்கு நிக்க முடியுமா? உங்க கவனக்குறைவுன்னு எழுதுங்க. அந்த ஆளும் வேலைக்குத் திரும்பிடுவார்."

அவள் அப்படியே மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஊழியர் திரும்பினார். அவளை நகல் பிரிவுக்கு அனுப்பினார்கள். தம்பிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. சொல்ல வந்தவனை, "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே" என்று அனுப்பிவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து ஆற்றோரத்துப் பெண் ஒருத்தி தீர்ப்பு நகல் வாங்க வந்தாள். பாதி வீடுகள் அதற்குள் தரைமட்டம். மீதியைக் காப்பாற்ற மேல்முறையீடு.

"முதல்ல இருந்த ஐயா எங்க பக்கம்தான் எழுதினாராமே, நெசமா?"

"ஆமா. நான்தான் டைப் அடிச்சேன்." பின்னால் வரிசை நின்றது. "நான்தான் வெளியேயும் சொன்னேன்."

அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு கையிலிருந்த நகலைப் புரட்டினாள். திட்டியிருந்தால் தேவலை.

"இதுல சீல் சரியா விழல. இன்னொரு தடவ வச்சுக் குடுங்க."