கடைசிப் பத்தியில் எழுதிய எச்சரிக்கை

‘நோக்கம், கருவி, முறை, அளவீடுகள், முடிவு.’ என்னிடம் இருக்கும் இரண்டு பக்க அறிக்கையின் கார்பன் நகல் இப்படித்தான் தொடங்குகிறது. மூலையில் ‘வியாழன், காலை’ என்று குறித்திருக்கிறேன், ஆண்டு இல்லை. மலாயா விடுதலை பெற்ற மெர்டேக்காவுக்கு அடுத்த ஆண்டு என்று கணக்கிடுகிறேன். மண்ணின் மின்தடையை அளக்கும் எங்கள் துறைக் கருவி எனக்கு இரவலாகக் கிடைத்தது அந்த ஆண்டு விடுமுறையில்தான்.

புவி இயற்பியல் படித்த எங்கள் நால்வருக்கும் விரிவுரையாளர் ஒரு வேலை கொடுத்திருந்தார். அவரவர் ஊரில் ஒரு நிலத்தை அளந்து, இந்தப் படிப்பே தெரியாத உரிமையாளருக்குப் புரியும்படி எழுதிக் கொடுக்க வேண்டும். நான் மலாக்காவின் காஜா பெராங்கில் மாமா வீட்டுப் பின்புறத்தை எடுத்துக்கொண்டேன். அவருக்குக் கிணறு வேண்டியிருந்தது.

இரும்பு முளைகளை அடித்து, பேட்டரியிலிருந்து மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி, முளைகளின் இடைவெளியைக் கூட்டிக் கூட்டி, இன்னும் இன்னும் ஆழத்து மண்ணை அளந்தேன். பதினைந்து அடிக்குக் கீழே மின்தடை சட்டென்று குறைந்தது. அது உப்புத் தண்ணீராக இருக்கலாம், கடற்சேறாகவும் இருக்கலாம். சேறு என்றால், தோண்டுகிறவர் மேல் பக்கச் சுவர் சரியும். இதை நான் எழுதாமல் இல்லை. ஆய்வுக்கூடத்தில் பழகிய வரிசைப்படி, அட்டவணைகளுக்குப் பின்னால், கடைசிப் பத்தியில் எழுதி மாமாவிடம் கொடுத்தேன்.

மறுநாள் ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டுச் சைக்கிளில் திரும்பினேன். வீட்டுப் பின்புறத்தில் மண் குவிந்திருந்தது. கிணறு வெட்ட வந்திருந்த தம்பதியில் மனைவி கயிற்றில் வாளியை இழுத்துக்கொண்டிருந்தார். அவருடைய கணவர் குழிக்குள் இருந்தார், தலைகூடத் தெரியவில்லை.

“மாமா, என்ன இது?”

“நீதானே எழுதின, பதினஞ்சு அடியில மாற்றம்னு. தண்ணின்னு நெனச்சேன். அப்புறம் ஒரே நம்பரா இருந்துச்சு லா, மடிச்சு வச்சுட்டேன்.”

ஓரத்தில் நின்றால் மண் பெயருமோ என்று பயந்து, குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன்.

“அண்ணே, எத்தனை அடி ஆச்சு?”

“பன்னண்டு இருக்கும். மண்ணு வெண்ண மாதிரி வருது தம்பி. நல்ல எடமாப் பாத்துக் குடுத்தீங்க!”

“அண்ணே, பதினஞ்சு அடியில மின்தடை குறையுது. அதுக்கு ரெண்டு விளக்கம் இருக்கு. ஒண்ணு, உப்பு கரைஞ்ச தண்ணி மின்சாரத்தை...”

கீழே சிரிப்புக் கேட்டது. “பாடமா? நடத்துங்க, நடத்துங்க. வெட்டிக்கிட்டே கேக்குறேன்.”

மண்வெட்டி மறுபடி விழுந்தது. அந்த அம்மாள் கயிற்றை விடாமல் என் முகத்தைப் பார்த்தார்.

“தம்பி, அவரு மேல வரணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க.”

“வரணும் அக்கா. சுவர் இடியலாம். இப்பவே வரணும்.”

அவர் குழிக்குள் குனிந்து கத்தினார். “யோவ், ஏறுய்யா! இந்தப் புள்ள முகத்துல ரத்தமே இல்ல!”

பக்கச் சுவரில் வெட்டியிருந்த கால்குழிகளில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து அவர் ஏறினார். ஒவ்வொரு முறையும் மண் உதிர்ந்து கீழே விழும் சத்தம் கேட்டது. அவர் கை விளிம்பில் தெரியும்வரை ஒன்பது முறை எண்ணினேன்.

மாமா சட்டைப் பையிலிருந்து அறிக்கையை எடுத்து, கடைசிப் பத்தியை நின்றபடியே இரண்டு முறை படித்தார்.

“இத மேல எழுதுனா ஒன் படிப்பு கொறஞ்சா போயிடும்?” என்றார்.

அன்று மாலையே ஒரு பக்கத்தில் திருத்தி எழுதினேன். ‘இங்கே தோண்ட வேண்டாம், சுவர் சரியலாம்’ என்பது முதல் வரி. துறையில் அதை வகுப்பின் முன் வாசித்தபோதும் அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வைதான் கண்முன் நின்றது.

குழியை ஞாயிற்றுக்கிழமை மூடினார்கள். பன்னிரண்டு அடிக்குக் கீழே யாரும் தோண்டவில்லை. அங்கே இருந்தது சேறா, உப்புத் தண்ணீரா, அல்லது முளை ஒன்று சரியாக இறங்காததால் வந்த தவறான அளவா என்பதை நான் இன்றுவரை சரிபார்க்கவில்லை.